நிற்க முடியாதவரை எடை மெஷினில் எப்படி ஏற்றுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோரின் ஊட்டச்சத்துக் குறைபாடு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எடையும் உயரமும் எடுத்து பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) போடுங்கள், 18.5-க்குக் கீழே வந்தால் குறைபாடு என்று சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர். சரி, எழுந்து நிற்கவே முடியாதவருக்கு?

பக்கவாதத்தில் விழுந்தவரையும் இடுப்பெலும்பு முறிந்தவரையும் எடை மெஷினில் ஏற்ற முடியாது. கூன் விழுந்த பாட்டியை ஏற்றலாம். ஆனால் உயரம் குறைவாகப் பதிவாவதால் பி.எம்.ஐ. கூடுதலாக வரும், எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு ‘நார்மல்’ என்று எழுதிவிட்டு வருவோம். கை கால் நீர் கோத்தவர்களிடம், ஏறியது சதையா தண்ணீரா என்று எடை மெஷினுக்குத் தெரியாது.

இதற்கு ஓர் இஞ்சி டேப் போதும். இடது கையை மடக்கச் சொல்லி, தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு கையைத் தளர்த்தி நீட்டிவிட்டு, சதையை அழுத்தாமல் அந்த இடத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் கண்டறிய பிரிட்டன் மருத்துவமனைகளில் புழங்கும் ‘மஸ்ட்’ முறைப்படி, அளவு 23.5 செ.மீ.க்குக் குறைந்தால் பி.எம்.ஐ. 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். முதியோருக்கான ‘எம்.என்.ஏ.’ என்ற ஊட்டச்சத்து மதிப்பீட்டின் சுருக்கப் படிவத்தில் பி.எம்.ஐ. கிடைக்காதபோது கெண்டைக்கால் சுற்றளவை எடுத்துக்கொள்ளலாம். அங்கே எல்லை 31 செ.மீ., அதற்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் மட்டும் கெண்டைக்காலை நம்பக் கூடாது.

பெரியவர்களுக்கு உலகம் முழுக்க ஒரே எல்லை இல்லையே என்று மருத்துவர்கள் சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதே கையை மாதாமாதம் அளந்து, போன மாதத்தைவிடக் குறைகிறதா என்று பார்க்க எந்த எல்லையும் வேண்டாம்.

டேப் நம் அரசுக்குப் புதிதும் இல்லை. குழந்தைகளின் கையை அளந்து, 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் மெலிவு என்று பல காலமாகச் சொல்லி வருகிறோம். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் (2019–21) முதல்முறையாகப் பெரியவர்களின் இடுப்பளவும் எடுத்தார்கள். தொப்பையைப் பிடிக்க டேப் எடுத்தவர்கள், மெலிந்த கையைக் கவனிக்கவில்லை.

தமிழகத்தில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், ஆதரவில்லாமல் நிற்க முடியாததையே ஓர் ஆபத்து அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, எடை பார்க்க முடியாதவரிடம்தான் ஆபத்தும் அதிகம்!

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடி வருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் பார்க்கிறார்கள். அந்தப் பையில் ஒரு டேப்பும், நோயாளியின் அட்டையில் ‘கைச் சுற்றளவு’ என்று ஒரு கட்டமும் சேர்த்தால் போதும். வரும் பெண்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் எல்லாருக்கும் வேண்டாம், படுக்கையில் இருப்பவர்களுக்கு மட்டும் மாதம் ஒருமுறை. அளவு குறைந்தால் யாரிடம் சொல்வது, என்ன சத்துணவு எங்கிருந்து கொடுப்பது என்பதை முடிவு செய்துவிட்டு அப்புறம் டேப்பைக் கொடுங்கள். வெறுமனே எழுதி வைக்கும் கட்டங்கள் நம் பதிவேடுகளில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மன்னார்குடி