புகைமூட்டம் இல்லாத நாள்லயும் ஐபியு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புகைமூட்டம் வந்தா உங்க பேப்பர்ல முதல் பக்கத்துலயே ஐபியு, அதாவது காத்து எவ்வளவு மாசுன்னு காட்டுற குறியீட்டு நம்பர் வருது, ஒரு மழை பெஞ்சு வானம் தெளிஞ்சா நம்பரும் காணாம போயிடுது. நாங்க கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்துல இருக்கவங்க, 2005 ஆகஸ்ட்ல ஐபியு 500-ஐத் தாண்டி இங்கயும் போர்ட் கிள்ளான்லயும் அவசரகாலம் போட்டதை யாரும் மறக்கல. ஆனா நுரையீரல் புற்றுநோய்னு பாத்தா அந்த நாலு நாள் புகையை விட, வருஷக்கணக்கா தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போறதுதான் பயப்பட வேண்டியது, அதைப் பத்தி பேச ஆளே இல்ல.

எங்க லயத்துல பிள்ளைங்க வெள்ளை ஸ்கூல் சட்டையைக் காயப்போட்டா சாயங்காலம் எடுக்கும்போது கருப்பு கருப்பா பொட்டு விழுந்திருக்கும், தட்டினா போகாது, தேய்ச்சா இழுத்துக்கிட்டு கோடு விழும். செம்பனை ஆலையில சக்கையும் ஓடும் எரிக்கிற கரி அது. இதுக்குப் பின்னால இருக்கிற தாமான்ல (குடியிருப்புல) பொழுது சாய்ஞ்சா குப்பையையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துறாங்க, குலை ஏத்துற லோரி புகை வேற. கண்ணுக்குத் தெரியிற கரியாவது மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும், பிஎம்2.5னு சொல்ற தூசி முடியோட தடிமன்ல முப்பதுல ஒரு பங்குதான், அது நேரா நுரையீரல் அடிவரைக்கும் போயிடும்.

உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல டீசல் புகையையும் 2013-ல வெளிக்காத்து மாசையும் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியல்ல சேர்த்துட்டாங்க, புகையிலை இருக்கிற அதே பட்டியல். ரெண்டும் சம அளவு ஆபத்துன்னு அர்த்தம் இல்ல, சிகரெட்தான் இன்னும் பெரிய எமன். ஆனா சிகரெட்டைத் தொடாதவங்களுக்கு எப்படி வருதுன்னு 2023-ல லண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆராய்ச்சிக்கூடத்துல சார்லஸ் சுவாண்டன் குழு காட்டினாங்க. வயசாக ஆக நல்ல நுரையீரல்லயே சில செல்லுல இஜிஎஃப்ஆர் மாதிரி மரபணுக்கள்ல மாற்றம் தானா வந்துடுமாம், அது பாட்டுக்கு சும்மா கிடக்கும். பிஎம்2.5 உள்ள போய் அழற்சியைக் கிளப்பினதும் அந்த செல் முழிச்சிக்கிட்டு கட்டியா வளர ஆரம்பிக்குதுன்னு எலிகள்ல பாத்திருக்காங்க.

எங்க பெரியம்மா ரப்பர் பால் வெட்டின காலத்துலேர்ந்து ஆலைப் பக்கத்து வீட்டுலதான் இருந்தாங்க, பீடி சிகரெட் பழக்கம் எதுவும் கிடையாது. இருமல் விடாம இருந்தப்போ ஒரு கிளினிக்ல "புகை பிடிப்பீங்களா"ன்னு கேட்டு, இல்லைன்னதும் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினாங்க, அப்புறமும் அதே மருந்துதான். எக்ஸ்ரே எடுக்கும்போது நோய் முத்திப் போச்சு. இந்தக் காத்துதான் காரணம்னு ஒருத்தர் விஷயத்துல அடிச்சு சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா எங்க குடியிருந்தீங்க, என்ன வேலை பாத்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. நம்ம மலேசியாவுல நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் மூணாவது நாலாவது கட்டத்துலதான் பிடிபடுது. மூணு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா, சளியில ரத்தம் வந்தா, காரணமில்லாம உடம்பு இளைச்சா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நாமளே கேக்கணும்.

ஐபியு ஒரு நாளைக்கான கணக்குதான். 'செடெர்ஹானா' (மிதமானது)ன்னு பாத்துட்டு நிம்மதியா இருக்கோம், வருஷம் பூரா அதுலயே ஓடினா சராசரி எங்கயோ போயிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன பிஎம்2.5 வருஷ அளவு ஒரு கன மீட்டர் காத்துக்கு 5 மைக்ரோகிராம், நம்ம நாட்டு அளவே 15.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான்: வாரத்துக்கு ஒரு தடவையாவது, வருஷம் பூரா, தோட்டப்புறத்துக்குப் பக்கத்து நிலையங்களோட பிஎம்2.5 அளவைப் போடுங்க, வருஷக் கடைசியில சராசரியையும் சேர்த்துப் போடுங்க. பக்கத்துல நிலையமே இல்லாத தோட்டம் எது எதுன்னு சுற்றுச்சூழல் துறைகிட்ட உங்க நிருபர் கேட்டு எழுதினா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகி,
கோல சிலாங்கூர்