பிராட்ஃபோர்டில் கடை எடுக்கப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் பல்கலைக்கழகம் போகிறாள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நாங்கள் சுகம். குளிர் தொடங்கியதால் எனக்கு முழங்கால் வலி, வேறொன்றும் இல்லை.

சரி, நீ எடுக்கப்போகும் மீனும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் விற்கும் கடையில் எதில் பொரிப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் நாம் வேலை செய்த கடையில் காட் மீனும் தாவர எண்ணெயும்தான். இங்கே யோர்க்‌ஷயரில் ஹேடாக் மீன், பொரிப்பது டிரிப்பிங்கில், அதாவது மாட்டுக் கொழுப்பில். அந்த மணம் இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடும் கிழவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிரிப்பிங் பன்னிரண்டரைக் கிலோ கட்டியாக, மெழுகுபோல் வெள்ளையாகப் பெட்டியில் வரும். காலையில் அதைச் சின்னச் சூட்டில் உருகவிட வேண்டும்; அவசரப்பட்டால் அடி கருகிவிடும். சூடு 180 பாகை தாண்டியதும், மா தோய்த்த மீனை வால்பக்கம் பிடித்து, நம் உடம்புக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல இறக்குவேன். மா ஒரு நொடியில் பொங்கி இறுகும். டிரிப்பிங்கில் நிறைகொழுப்பு (saturated fat) கூட என்பதால் திரும்பத் திரும்பச் சூடேற்றினாலும் சீக்கிரம் கெடாது. சூரியகாந்தி எண்ணெய் அதற்கு முதலே கறுத்து நுரைக்கத் தொடங்கிவிடும். ஆனால் டிரிப்பிங்கில் பொரித்த சிப்ஸைச் சுடச்சுடத்தான் சாப்பிட வேண்டும். ஆறினால் கொழுப்பு மேலண்ணத்தில் ஒட்டும்.

பாம் எண்ணெயிலும் ஏறக்குறையப் பாதி நிறைகொழுப்புதான். சூட்டைத் தாங்கும், மணம் கிடையாது. விலை மட்டும் நம் கையில் இல்லை. 2022இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த நேரம் பார்த்து இந்தோனேசியாவும் பாம் எண்ணெய் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்திவைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றபோது, வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். "உருளைக்கிழங்குதானே" என்று ஆசையாகச் சாப்பிட்டா. வாழ்நாளில் மாட்டிறைச்சி தொடாதவ. எதில் பொரித்தது என்று பலகையில் ஒரு சொல் இல்லை, நானும் கேட்கவில்லை. பிறகு தெரிந்ததும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நீ போகும் பிராட்ஃபோர்டில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. அவர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். அதனால் நீ பாம் எண்ணெயே வை. டிரிப்பிங்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், விலைப்பட்டியலின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடு. ஒரு பாத்திரத்தில் டிரிப்பிங், மற்றதில் பாம் எண்ணெய் என்று பாதிக்குப் பாதி வைக்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. கரண்டியும் வடிகட்டியும் ஒன்றாய் இருந்தால் இரண்டு பாத்திரம் வைத்தும் பயனில்லை.

கடையின் பொரிக்கும் அடுப்பில், அதாவது ரேஞ்சில், எத்தனை பாத்திரம், எவ்வளவு பழசு என்று பார்த்து எழுது. திறக்கிற வாரம் நான் லீவு போட்டு வந்து உன்னோடு நிற்கிறேன்.

அன்புடன்,
குமரன்
லீட்ஸ்