நீலக்கோட்டு நினைவு அறை: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும், நன்கொடை தந்த குடும்பங்களுக்கும் குழுவின் வணக்கம்.

இங்கிலாந்திலுள்ள கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியின் பழைய மாணவர்களான நம்மிடம் வந்து சேர்ந்த கோட்டுகள், அச்சுப் படங்கள், புகைப்படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் செப்பனிட்டு, அவற்றுக்கென ஓர் அறையை ஒழுங்கு செய்யும் வேலை நல்லபடியாக முடிந்தது. பணம் தந்தவர்களில் பலர் அங்கே படித்தவர்கள் அல்ல, படித்தவர்களின் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிமார். எதற்குக் கொடுத்தோம் என்பதை அவர்கள் சிரமமில்லாமல் வாசிக்க வேண்டும். அதனால்தான் இந்த அறிக்கை தமிழில்.

இந்தப் பொருள்கள் நமக்கு எப்படி வந்தன என்பது மூத்தவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்காகச் சொல்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியாத நம் பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டு, கிரிக்கெட் பார்க்கக் கூட்டிக்கொண்டு போன ஓர் ஆங்கிலேயப் பெரியவர் இருந்தார். அவரும் அதே பள்ளியில் படித்தவர், நமக்கு வெகு காலம் முந்தையவர். வாழ்நாள் முழுவதும் சேர்த்த பெட்டிகளைத் தனக்குப் பிறகு நம்மிடம் தரும்படி குடும்பத்தாரிடம் சொல்லிவைத்திருந்தார். எந்த நாட்டுப் பிள்ளை, என்ன நிறம் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. நீலக்கோட்டு போட்ட பிள்ளை, அது போதும் அவருக்கு.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் செலவின் பெரும்பகுதி ஏன் துணிக்குப் போனது என்பது புரியும். 1552இல் லண்டன் தெருக்களில் ஆதரவின்றித் திரிந்த பிள்ளைகளின் நிலையைச் சிறுவயது மன்னர் ஆறாம் எட்வர்டின் மனத்தில் பதியவைத்தது பிஷப் நிக்கலஸ் ரிட்லியின் பிரசங்கம். மேயர் ரிச்சர்ட் டாப்ஸ் நகரத்துப் பெரியவர்களிடம் பணம் திரட்டினார். மடம் கலைக்கப்பட்ட பிறகு வெறுமையாகக் கிடந்த கிரேஃபிரையர்ஸ் கட்டடங்களில், நியூகேட் தெருவில், அந்த நவம்பரிலேயே 380 பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். மறுஆண்டு ஜூனில் மன்னர் சாசனத்தில் கையெழுத்திட்டார், ஜூலையில் 15 வயதிலேயே இறந்துபோனார். ஆக, ஊர்கூடிப் பணம் போட்டுத் தொடங்கிய பள்ளி அது. ஏழைப் பிள்ளைக்குச் சோறும் படிப்பும் தருவதோடு உடுப்பும் தர வேண்டும் என்று முதலிலிருந்தே முடிவு செய்த பள்ளி. முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீலக்கோட்டு, மஞ்சள் காலுறை, கழுத்தில் வெள்ளைப் பட்டை, இடுப்பில் தோல் வார் என்று இன்றும் பிள்ளைகள் அதையேதான் அணிகிறார்கள், இன்றும் அது இலவசம். கட்டணமும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. நம் வீடுகளில் பலருக்கு அந்தப் பள்ளியின் கதவு திறந்தது இதனால்தான்.

பெட்டியில் இருந்த கோட்டுகளைப் பூச்சி அரித்திருந்தது. கம்பளித் துணியைத் தின்னும் அந்தப் பூச்சிக்கு மருந்து அடிக்க வேண்டாம் என்று பழந்துணி பராமரிப்பில் தேர்ந்த ஒருவர் சொன்னார். பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 30 டிகிரிக் குளிரில் மூன்று நாள் வைத்தால் முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். அப்படியே செய்தோம். பிறகு மெல்லிய வலை ஒன்றைத் துணிமேல் வைத்துத் தூசியை உறிஞ்சி எடுத்தார்கள். ஓட்டைகளை மறைத்துத் தைக்கவில்லை, அதே நீலத்தில் சாயமேற்றிய துணியை உள்பக்கம் கொடுத்துத் தாங்கவைத்திருக்கிறார்கள். புதுசுபோல் ஆக்கிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். முழங்கைப் பக்கம் தேய்ந்து மினுங்குவது ஒரு பிள்ளை வருஷக்கணக்கில் மேசையில் கைவைத்து எழுதியதன் தடம். அதை அழிக்கக் குழுவில் யாருக்கும் மனம் வரவில்லை.

பொத்தான்களில் எட்வர்டின் தலை பொறித்திருக்கிறது. மேல்வகுப்பு மாணவர்களை அங்கே கிரீசியன் என்பார்கள், அவர்களில் சிலருடைய கோட்டில் பொத்தான் பெரிது, மணிக்கட்டில் வெல்வெட் இருக்கும். சின்னப் பையனின் குறுகிய வாரையும் பெரியவர்களின் அகல வாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். தோலுக்கு எண்ணெய், மெழுகு எதுவும் போடக் கூடாது என்றார்கள், போடவில்லை.

படங்கள் அடுத்தது. 1816இல் லண்டன் பதிப்பாளர் அக்கர்மன் வெளியிட்ட, பழைய பள்ளிக் கட்டடத்தின் வண்ண அச்சுப் படங்களில் சில நம் பெட்டியில் இருந்தன. அமிலம் உள்ள பழைய அட்டையில் ஒட்டிச் சட்டம் போட்டதால் காகிதம் முழுக்கப் பழுப்புப் புள்ளி. அட்டையைப் பிரித்து, அமிலமில்லாத அட்டைக்கு மாற்றி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாயிற்று. அறை கொஞ்சம் இருட்டாக இருக்கிறதே என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் பட்டால் இந்த வண்ணங்கள் வெளுக்கும். கண் பழகச் சற்று நேரம் கொடுங்கள், எல்லாம் தெரியும்.

இந்தப் படங்களுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அவை காட்டும் இடம் இப்போது இல்லை. 1902இல் பள்ளி லண்டனை விட்டு வெஸ்ட் சசெக்ஸில் ஹார்ஷம் பக்கம் போய்விட்டது. கட்டடக் கலைஞர்கள் ஆஸ்டன் வெப்பும் இங்க்ரெஸ் பெல்லும் வரைந்த புது வளாகம் அது, பள்ளியின் பெயரிலேயே ரயில் நிலையமும் வந்தது. நியூகேட் தெருக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ஆனால் பள்ளி வெறுங்கையோடு போகவில்லை. பழைய கட்டடத்தின் சில பகுதிகளைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே சேர்த்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரை நிறைத்து நிற்கும், ஓவியர் வெரியோவின் பிரம்மாண்ட ஓவியமும் லண்டனிலிருந்து போனதுதான். 1673இல் தொடங்கிய அரச கணிதப் பள்ளியின் மாணவர்கள் மன்னர் முன் நிற்கும் காட்சி அது. கப்பலோட்டக் கணக்குப் படித்த பிள்ளைகள் அவர்கள். மதியச் சாப்பாட்டுக்கு பேண்டு வாத்தியத்தோடு அணிவகுத்துப் போய் அந்த ஓவியத்தின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு மேலே எதையும் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு பெரிய புகைப்படப் பிரதி மாட்டியிருக்கிறோம்.

பழைய மாணவர்களைப் பற்றிய அட்டைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். கவிஞர் கோல்ரிட்ஜும் கட்டுரையாளர் சார்ல்ஸ் லாமும் அங்கே ஒரே காலத்தில் படித்து ஆயுள் முழுவதும் நண்பர்களாக இருந்தவர்கள். லாம் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 33 ஆண்டு கணக்கு எழுதினார். கோல்ரிட்ஜுக்கு மூத்த மாணவரான தாமஸ் மிடில்டன் 1814இல் கல்கத்தாவின் முதல் பிஷப் ஆனார், சென்னையும் அவர் ஆளுகைக்குள் இருந்தது. இவற்றை ஒளிக்காமல் எழுதியிருக்கிறோம். நம் ஊரை ஆண்ட கம்பெனியோடு நம் பள்ளிக்குத் தொடர்பு இருந்தது, நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டே அந்தக் கோட்டைப் போடட்டும்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. பெட்டிகளில் பெண்பிள்ளைகளின் பொருள் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. 1552இலேயே பெண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டவர்கள். 1778இல் அவர்களை ஹெர்ட்ஃபோர்டு என்ற ஊருக்கு அனுப்பினார்கள், 1985இல்தான் ஹார்ஷமில் ஆண்பிள்ளைகளோடு ஒன்றாகப் படிக்க வந்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தனியாக வளர்ந்த ஒரு வாழ்க்கை. அதைச் சொல்லாத அறையை முழுமையானது என்று குழு கருதவில்லை. ஹெர்ட்ஃபோர்டில் படித்த சில அக்காமார் வந்து பேசினார்கள், ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறோம். ஒரு சுவரை அவர்களுக்காகக் காலியாகவே விட்டிருக்கிறோம்.

நன்கொடையாளர் பெயர்ப் பலகை ஏன் இல்லை என்று நியாயமாகவே பலர் கேட்டிருக்கிறீர்கள். கோவிலில் டியூப் லைட் மேலேகூட உபயதாரர் பெயர் எழுதிப் பழகிய நமக்கு அது இயல்பான கேள்விதான். பள்ளியை விட்டுப் போகும் நாளில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கட்டளை வாசிக்கப்படும். இங்கே பெற்ற நன்மையை மறக்காதே, உன் சக்திக்கு ஏற்ப மற்றவர்களும் அதைப் பெற உதவு என்பது அதன் சாரம். பழைய மாணவரான விமானப் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ், தன் கண்டுபிடிப்புகளுக்காக அரசு தந்த 10,000 பவுண்டை அப்படியே, விமானப்படையில் இறந்தவர்கள், காயமுற்றவர்களின் பிள்ளைகள் அங்கே படிப்பதற்காகக் கொடுத்துவிட்டார். நாம் செய்ததும் வாங்கியதைத் திருப்பித் தருவதுதான். பெயர் போட்டால் அது வேறொன்றாகிவிடும் என்று குழு ஒருமனதாக நினைத்தது. கொடுத்தவர்கள் எல்லாருடைய பெயரும் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சரி, கணக்கு. தணிக்கை முடிந்த வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியாக அனுப்புவார். கோட்டுகளுக்கே அதிகம் செலவானது, அடுத்தது கண்ணாடியும் சட்டமும். வண்ணம் பூசியது, அலமாரி பொருத்தியது, புகைப்படங்களை ஸ்கேன் செய்தது எல்லாம் உறுப்பினர்களின் உழைப்பு, கூலி இல்லை. கொஞ்சம் மீதி இருக்கிறது. அதைப் பராமரிப்புக்கு வைப்பதா, பள்ளியின் உதவித்தொகைக்குக் கொடுப்பதா என்று பொதுக்குழு முடிவு செய்யட்டும். பாதிக்குப் பாதி என்பது குழுவின் பரிந்துரை.

அறையின் சாவி செயலாளரிடம் இருக்கிறது. ஒரு வாரம் முன்னால் சொன்னால் திறந்து வைப்போம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பொத்தான்களை அவர்கள் தொட்டுப் பார்க்கலாம். வீட்டில் ஹெர்ட்ஃபோர்டுப் புகைப்படமோ கடிதமோ பழைய சீருடையோ இருந்தால், எந்த நிலையில் இருந்தாலும், துவைக்காமல் அப்படியே கொண்டுவந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்