கிராம சபையை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சித் தலைவர்களுக்கும், தனி அலுவலர்களுக்கும், கூட்டத்தைப் பார்வையிட ஒன்றியத்திலிருந்து வரும் பற்றாளர்களுக்கும் வணக்கம்.

வருடத்தில் ஆறு நாள் ஊரின் மைக் உங்கள் கையில் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கிராம சபை நாட்களோடு, 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. அந்த மைக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் நான் உட்கார்ந்த கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்தன. பள்ளிக்கூட வளாகத்தில் ஷாமியானா. முதலில் கையெழுத்து நோட்டு சுற்றி வரும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்பது கோரம், அதாவது குறைந்தபட்ச வருகைக் கணக்கு. அந்த எண்ணிக்கை தேறியதும் நடத்துகிறவருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். அப்புறம் ஊராட்சி செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் வாசிப்பார். பெண்கள் முன்னால் ஜமுக்காளத்தில், ஆண்கள் பின்னால் வண்டியில் சாய்ந்தபடி, காலனிக்காரர்கள் தள்ளி வேப்பமரத்தடியில். பேசுகிறவர்கள் மூன்று நான்கு பேர். போன தடவை பேசியதும் அவர்கள்தான்.

ஒரு மே தினக் கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் எழுந்து, "எங்க தெருக் குழாயில..." என்று ஆரம்பித்தார். "அது கூட்டப் பொருள்ல இல்லம்மா, அப்புறம் பார்ப்போம்" என்று மைக்கில் பதில் வந்தது. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேறொரு பற்றாளர் வந்தார். மேடையில் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக் கீழே, ஜனங்களுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "கையெழுத்து கடைசியில வாங்கிக்கலாம். இதுவரைக்கும் பேசாதவங்க முதல்ல பேசுங்க" என்றார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அவரும் பேசாமல் காத்திருந்தார். பிறகு அந்த வயதான அம்மாவின் மேட்டுத்தெருவிலிருந்து வந்த பெண் ஒருவர், வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் வருவதில்லை என்றார். உடனே பின்னாலிருந்து ஒருவர் மோட்டார் ஆபரேட்டரைத் திட்ட ஆரம்பித்தார். வழக்கமாகக் கூட்டம் அந்த இடத்தில்தான் உடையும். பற்றாளரோ, "உங்களதையும் எழுதிக்கிறேண்ணே, அவங்க முடிச்சிரட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடமே கேட்டார்: எந்தெந்த நாள்? எத்தனை வீடு? பள்ளத்தில் இருக்கிற வீடுகளுக்கும் வரவில்லையா? கேட்கக் கேட்க, மேட்டிலிருக்கும் வீடுகளுக்கு மட்டும்தான் தண்ணீர் ஏறவில்லை, வால்வைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தது. "மேட்டுத்தெரு, 14 வீடு, வால்வு" என்று கரும்பலகையில் எழுதி, "இதுதானே சொன்னீங்க?" என்றார். "பதினாலு இல்ல சார், பதினாறு." அழித்துத் திருத்தினார். தீர்மானப் புத்தகத்தில் பதினாறு என்றே ஏறியது.

இந்த வேலையைத்தான் உங்களிடம் கேட்கிறேன். நன்றாகப் பேசத் தெரிந்த தலைவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவலை எல்லாம் கேட்பதைப் பற்றித்தான். உங்கள் யோசனையை மைக்கில் முதலிலேயே சொல்லிவிட்டால், அதற்கு மாற்றாக யோசித்திருப்பவர் வாயை மூடிக்கொள்வார். கடைசியில் சொல்லுங்கள். பெண் தலைவர் இருக்கும் ஊர்களில் கணவர் மைக்கைப் பிடித்தால், பற்றாளர் தயங்காமல் அதை வாங்கித் தலைவரிடம் கொடுக்க வேண்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தியது, அந்த அம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதற்காக இல்லை.

இருநூறு பேர் கூட்டத்தில் எல்லாரையும் எப்படிப் பேசவைப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, கிராம சபையைத் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவை நடத்தப் பயிற்சி பெற்ற ஆட்களை வைத்தார்கள். நாமும் தண்ணீருக்கு ஒரு வட்டம், நூறு நாள் வேலைக்கு ஒரு வட்டம் என்று அரை மணி நேரம் உட்காரலாம். நடத்த ஊரிலேயே ஆள் கிடைக்கும். மகளிர் குழுக் கூட்டங்களை வருடக்கணக்காக நடத்திப் பழகிய பெண்களை விடவா நல்ல ஆள் வேண்டும்?

இன்னும் இரண்டு விஷயம். கையெழுத்து வாங்குவதற்கு முன் தீர்மானங்களை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்தைப் போன தடவை எழுதியது என்ன ஆயிற்று என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். ஆகவில்லை என்றால் ஆகவில்லை என்றே சொல்லுங்கள், ஜனங்கள் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு அடுத்து யார் வந்தாலும் சரி, பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைத் துடைத்து, சாக்பீஸோடு ஷாமியானாவுக்கு அடியில் நானே கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கிராம சபை வாக்காளர் ஒருவர்