மண்டபத்திலிருந்து, மூன்று மாதக் கணக்கோடு

மண்டபம்,
ஜூலை 8

அன்புள்ள ரபீக்,

இங்கே எல்லோரும் நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? சின்னவனுக்குக் காது வலி என்று எழுதியிருந்தாய், தேவலையா?

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதக் கடைசிகளில் ஒழுங்காகக் கணக்கு அனுப்பியவன் ஏப்ரலில் நின்றுவிட்டேன். வேலை என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். மீன்பிடித் தடைக்காலத்தில் எனக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உண்மை அதுவல்ல, மச்சான். ஏப்ரல் கடைசியில் நோட்டைத் திறந்தால் நகை மீட்கிற கணக்குக்கு நேரே சைபர். மே கடைசியில் அதற்கும் கீழே. அதை உனக்கு எழுதக் கை வரவில்லை.

ஜூன் முதல் வாரம் உன் கடிதம் வந்தது. "இந்த வருஷம் போச்சு, அடுத்த ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று முடித்திருந்தாய். படித்த அன்றிலிருந்து மனசு சரியில்லை. கரைவலையில் இரண்டு கயிறு. ஒரு பக்கத்து ஆட்கள் கயிற்றைத் தளர்த்தினால் மறுபக்கம் எவ்வளவு இழுத்தும் மீன் தப்பிவிடும். நான் என் கயிற்றை விட்டதால்தான் நீயும் விட்டாயோ என்று தோன்றியது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீ பொறுமையில்லாதவன், முதல் பக்கத்தைப் படித்ததும் கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய். இதை அப்படிச் செய்யாதே.

புத்தாண்டு அன்று தோணித்துறையில் உட்கார்ந்து நாம் எழுதிய சீட்டு இன்னும் என் நோட்டுக்குள் இருக்கிறது. எனக்கு மூன்று: நகை மீட்க 1,20,000 ரூபாய், சர்க்கரையைக் குறைப்பது, ஊருணிக் கரையில் போன செப்டம்பரில் ஊன்றிய 150 பனங்கொட்டையில் 100ஆவது தலையெடுப்பது. உனக்கு ஒன்றே ஒன்று: உன் வாப்பா கடலில் சங்கு குளித்த காலத்தை 120 பக்கம் எழுதி முடிப்பது. அன்றைக்கு நாம் செய்த தப்பு எனக்கு இப்போதுதான் புரிகிறது. எல்லாவற்றையும் 12ஆல் வகுத்தோம். மாதம் 10,000 ரூபாய். மாதம் 10 பக்கம். வகுத்தால் மீதி வராமல் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

பணத்தை முதலில் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போதுதான் எனக்கு வேலை. ஷாப்ட், கியர் பாக்ஸ், இன்ஜெக்டர், வாட்டர் பம்ப் என்று பட்டறைக்கு வெளியே வரிசை நிற்கும். ஆனால் அந்த 61 நாளும் படகுக்காரனுக்கு வருமானம் கிடையாது. "தடை முடிந்து இரண்டு தடவை கடலுக்குப் போய் வந்து தருகிறேன்" என்பான். தராமல் போகிறவர்கள் இல்லை, ஆனால் ஜூலையில்தான் தருவார்கள். சாமானை நான் கைக்காசு போட்டு வாங்கியாக வேண்டும். மே மாதம் அப்படி 14,000 சேர்த்ததிலிருந்து எடுத்தேன். மார்ச் வரை சேர்த்திருந்த 27,500, 13,500 ஆயிற்று. ஜூனில் ஒரு 4,000 வந்தது. அன்றைக்கு நோட்டைப் பார்த்தவன் யாராக இருந்தாலும் இவன் தேறமாட்டான் என்றுதான் சொல்லியிருப்பான்.

இந்த ஜூலையில் எட்டு நாளைக்குள் 41,000 வசூலாகியிருக்கிறது. மொத்தம் 58,500. அரை வருஷத்துக்கு நாம் போட்டது 60,000. வெறும் 1,500 ரூபாய் குறைவு, ரபீக்! நான் வெட்கப்பட்டு உனக்கு எழுதாமல் இருந்த அதே மே மாதத்தில் 19 எஞ்சின் பிரித்து மாட்டியிருக்கிறேன். என் வாழ்க்கையிலேயே அதிகம் உழைத்த மாதம். நோட்டில் அதற்கு இடமே இல்லை. "வந்தது" என்று ஒரு கட்டம் மட்டும்தான் போட்டிருந்தேன்.

இப்போது இரண்டு கட்டம் போட்டுவிட்டேன். "செய்தது" ஒன்று, "வந்தது" ஒன்று. செய்ததை மாதக் கடைசியில் தவறாமல் எழுதுகிறேன். வந்தது எப்போது வருமோ அப்போது. 1,20,000ஐயும் திரும்பப் பிரித்தேன். மார்ச் வரை 30,000. தடைக்காலத்துக்குச் சைபர், அதைச் சைபர் என்றே தெரிந்து போட்டேன். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை 75,000. மழை, புயல் என்று தொழில் படுத்துவிடும் கடைசி மூன்று மாதத்துக்கு 15,000.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கடல்பாசி எடுக்கிற சின்னப்பாலம் அக்காதான். அவர்கள் வந்தபோது நான் நோட்டை வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தேன். "உனக்கு யார் தம்பி மாசம் 30 நாள் என்று சொன்னது? எங்களுக்கு 12 நாள்தான்" என்றார்கள். பாசி எடுக்கிற பெண்கள் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் மட்டும்தான் இறங்குகிறார்கள். அப்போதுதான் கடல் நன்றாக வற்றிப் பாறை வெளியே தெரியும். மீன் குஞ்சு வைக்கிற காலத்தில் 45 நாள் தொடுவதே இல்லை என்பதும் அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. விரலில் துணி சுற்றிக்கொண்டு அந்த 12 நாளில் எடுப்பதுதான் மாதம் முழுவதுக்கும். மீதி 18 நாள் சும்மா இருந்தோம் என்று எந்தப் பெண்ணும் கணக்கெழுதி அழுததில்லை என்றார்கள் அக்கா. நம் கரையில் பிறந்துவிட்டு இது நமக்குத் தெரியாமல் போனதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கச்சான் காற்று எழுந்தால் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்து ஆண் கடலில் நிற்கிற வள்ளமெல்லாம் வடக்கே பாக் விரிகுடாப் பக்கத்துப் பெண் கடலுக்கு வந்துவிடும், வாடை வந்தால் திரும்பப் போகும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். கடலுக்குக் காற்றைப் பார்க்கிற நாம் நோட்டுக்கு மட்டும் காலண்டரைப் பார்த்தோம்.

சர்க்கரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் மூன்று மாதச் சுகர் டெஸ்ட் எடுக்கப் போனவனை லேப் பெண் திருப்பி அனுப்பிவிட்டாள். ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் அதில் அளக்கிறார்களாம். அந்த அணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அதனால் மாதம் ஒருமுறை பார்த்தால் பழைய பாவமும் புதிய புண்ணியமும் கலந்துதான் தெரியும், காசுதான் வீண் என்றாள். ஜனவரியில் 9.2, ஏப்ரலில் 8.1, போன வாரம் 7.3. நடுவில் நான் எழுதுவது நடந்த நாள் எத்தனை என்பது மட்டும். ஜூனில் 24 நாள். உன் எண்ணிக்கையையும் கேட்பேன், இப்போதே சொல்லிவிட்டேன். சென்னை மண்ணடியில் நடக்க இடமில்லை என்ற கதையெல்லாம் வேண்டாம்.

பனை விஷயத்தில்தான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். ஜனவரி சைபர், பிப்ரவரி சைபர், மார்ச் சைபர். பொறுக்க முடியாமல் ஒரு கொட்டையைத் தோண்டிப் பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லை, கீழே என் முழங்கை நீளத்துக்குத் தடியாக இறங்கியிருந்தது. பனை முதலில் கீழேதான் போகும். கிழங்குக்குப் பாத்தி போடுகிற வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். நோட்டில் ஒரு எண் எழுத வேண்டும் என்ற அவசரத்தில் தோண்டினேன், அது செத்தது. இப்போது 31 தலைகாட்டியிருக்கிறது. பச்சை ஈட்டி மாதிரி ஒற்றை ஒற்றை ஓலை. ஆடு கடிக்காமலிருக்கக் கருவேல முள் வைத்திருக்கிறேன். இதில் பதநீர் குடிக்கப் போவது நம் பேரப்பிள்ளைகள்தான். எண்ணுவதை வருஷத்துக்கு ஒருமுறையாக மாற்றிவிட்டேன். மாதக் கடைசியில் முள் வேலியை மட்டும் பார்ப்பேன்.

சரி, இனிதான் நான் எழுத வந்தது.

போன ஞாயிறு ஏர்வாடியில் ஒரு எஞ்சின் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கீழக்கரையில் இறங்கினேன். வாப்பா திண்ணையில் இருந்தார்கள். மெலிந்துவிட்டார்கள், ரபீக். கை மட்டும் அதே கை, பிடித்தால் விடமாட்டார்கள். நீ எழுதிக்கொண்டிருந்த நோட்டு அலமாரியில் 14 பக்கத்தோடு இருக்கிறது என்று உம்மா எடுத்துக்கொடுத்தார்கள். சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: சங்கு மணலுக்குள் புதைந்து கிடக்குமே, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? இரண்டு மணி நேரம் பேசினார்கள். மணலில் அது நகர்ந்த தடம் தெரியுமாம், அந்தத் தடத்தின் எந்த முனையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டுமாம். கடல் கலங்கினால் அன்றைக்குக் குளி இல்லை. எடுத்ததெல்லாம் வங்காளத்துக்குப் போய்க் கல்யாணமான பெண்கள் கையில் வளையலாகும் என்றார்கள். வலம்புரி ஒன்று கிடைத்த நாளைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், இன்னும் யாராவது கேட்டுவிடுவார்கள் என்பது மாதிரி.

அப்புறம் தீவுகளுக்கு வந்தார்கள். முல்லி, வாழை, தலையாரி, அப்பா தீவு என்று வரிசையாக விரல் மடக்கினார்கள். "பூவரசன்பட்டியில் இறங்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறோம்" என்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவில் கடலுக்குள் போய்விட்ட இரண்டில் அது ஒன்று. பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலைக்குத் தடுப்பு இல்லாமல் கரைந்துபோன தீவு. அதில் கால் வைத்து நின்ற மனிதர் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் இரண்டு முறை என்னை உன் சின்ன வாப்பா என்று நினைத்துப் பேசினார்கள். ஒரு முறை, "கயிற்றைப் பிடி, நான் இறங்கப் போகிறேன்" என்றார்கள். நான் சரி என்றேன். உம்மா உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் உனக்கு இதை எழுதமாட்டார்கள், மகன் தூரத்தில் இருந்து கவலைப்படுவான் என்று. அதனால் நான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

என் பனை காத்திருக்கும். என் நகையும் காத்திருக்கும், வட்டிதான் ஏறும். வாப்பா பேசும் நாட்களை நாம் 12 மாதத்தில் பரப்பி வைக்க முடியாது, மச்சான். நீ மாதம் 10 பக்கம் என்று போட்டாய். ஏப்ரலில் இரண்டு, மேயில் ஒன்றும் இல்லை என்றதும் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டாய். பக்கத்தை எண்ணாதே. நான்கு நாள் வந்து உட்கார்ந்தால் 60 பக்கத்துக்கு விஷயம் சேர்ந்துவிடும். காலையில் சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு அவர்களுக்குத் தெளிவு அதிகம், உம்மாதான் சொன்னார்கள். மாலையில் களைத்துவிடுகிறார்கள். எழுதிச் சீர்செய்வதை நீ மண்ணடியில் உட்கார்ந்து டிசம்பர் வரை செய், அதற்கு அவசரமில்லை.

அன்றைக்கு வாப்பா சொன்னதை வீட்டுக்கு வந்ததும் 11 பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். 14ம் 11ம் 25. ஆனால் என் எழுத்தில் ஓட்டை நிறைய. கடலடியைப் பற்றி அவர்கள் சொன்ன வார்த்தைகளில் பாதி எனக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்கவும் தயக்கமாக இருந்தது. நீ பிள்ளை, நீ கேட்கலாம். சலீம் பாய் கடையில் முன்பு சங்கு எண்ணிக்கொண்டிருந்த அந்தப் பெரியவரையும் பார்த்தேன். அவருக்கும் நினைவு நன்றாக இருக்கிறது, நீ வந்தால் திண்ணைக்கு வந்து உட்காருகிறேன் என்றார்.

ஆடி அமாவாசைக்கு முன்பே வந்துவிடு. அந்த வாரம் ராமேஸ்வரத்துக்கும் சேதுக்கரைக்கும் கூட்டம் வரும், ரயிலில் இடம் கிடைக்காது. நீ ராமநாதபுரத்தில் இறங்கு, நான் வண்டியோடு நிற்கிறேன். திரும்பும்போது ஒரு நாள் பாம்பன் வரை போவோம். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு நீ இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. கப்பலுக்காக நடுப்பகுதி அப்படியே நேராக மேலே ஏறுவதை நீ ஒருமுறை பார்க்க வேண்டும், அதன் மோட்டாரைப் பற்றி உனக்கு ஒரு மணி நேரம் சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது.

வாப்பாவிடம், ரபீக் வருவான், என்ன வாங்கி வரச் சொல்ல என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்" என்றார்கள். கோடு போட்ட 200 பக்க நோட்டு ஒன்றும் இரண்டு பேனாவும் எடுத்து வா. எந்த நாள் என்று மட்டும் உடனே எழுது.

உன்,
சேது

பி.கு.: தங்கச்சியிடம் சொல், பனங்கிழங்கு தை மாதம்தான் வரும், இப்போது கேட்டால் என்னிடம் இல்லை. கருவாடு வேண்டுமானால் சொல்லட்டும், நெத்திலி நன்றாகக் காய்ந்திருக்கிறது.