வாசிப்பு வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு பன்னிரண்டு கூட்டங்கள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பாதிக் கூட்டங்களுக்கு மேல் ஒரே பொருளுக்குச் சென்றன: தஜிகிஸ்தானின் சமூக ஜனநாயகக் கட்சி.

மத்திய ஆசிய வரிசையில் அதற்கு ஒரு மாலை போதும் என்றுதான் செயற்குழு நினைத்தது. ஜூன் மாதத்தில் அக்கட்சியின் துணைத் தலைவரும் சட்ட அறிஞருமான ஷகிர்ஜான் ஹக்கீமோவ் கைதானார். அதன் பிறகு அடுத்த பொருளுக்குப் போக எவருக்கும் மனம் வரவில்லை.

2020 நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 0.3 சதவீத வாக்கு வாங்கிய கட்சிக்கு இத்தனை கூட்டங்களா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் ஆகஸ்டில் கேட்டார். அவர் கேட்டது நல்லதாயிற்று. அந்த எண் எப்படி வந்தது என்று பின்னோக்கிப் படித்தோம். உள்நாட்டுப் போர் 1997 அமைதி உடன்படிக்கையோடு முடிந்தது. மறு ஆண்டே கட்சி தோன்றியது. நிலையான சட்டப் பதிவு 2002-இல்தான் கிடைத்தது. தலைவர் ரஹ்மத்தில்லோ ஜோயிரோவும் சட்டம் படித்தவர், ஒரு காலத்தில் ஜனாதிபதி ரஹ்மோனின் ஆலோசகர். 2013-இல் இக்கட்சியும் இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சியும் கைகோத்து, மனித உரிமை வழக்கறிஞர் ஓய்னிஹோல் போபோனசரோவாவை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்த முயன்றன. மதச்சார்பற்றவர்களும் மதக் கட்சியினரும் ஒரு பெண்ணின் பெயரில் ஒன்றுபட்டது சிறிய செய்தி அல்ல. 2,10,000 கையொப்பங்கள் தேவை. சேர்ந்தவை ஏறத்தாழ 2,02,000. வேட்புமனு நின்றுபோனது. ரஷ்யாவில் கூலி வேலை பார்க்கும் லட்சக்கணக்கான தஜிக்குகளின் கையொப்பம் கணக்கில் வரவில்லை என்பதை அறிந்தபோது அரங்கில் பலர் வருந்தினர். 2015-இல் அந்தக் கூட்டாளிக் கட்சி பயங்கரவாத அமைப்பு என்று தடை செய்யப்பட்டது. மறு ஆண்டுப் பொதுவாக்கெடுப்பு, ரஹ்மோன் எத்தனை முறையும் போட்டியிட வழி செய்தது. 0.3 என்பது இத்தனைக்கும் பிறகு எஞ்சிய எண். அதை மக்களின் தீர்ப்பு என்று எழுத என் பேனா மறுக்கிறது.

பிப்ரவரி 2025-இல் தீர்ப்பு வந்தது. ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வழக்கு மூடிய கதவுகளுக்குள் நடந்தது; அதில் ஹக்கீமோவுக்கு 18 ஆண்டுகள் சிறை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹம்ரோகான் ஜரிஃபிக்கு 27 ஆண்டுகள். மார்ச் 2 தேர்தலின் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இல்லை. அனுமதி அட்டை கிடைக்காததால் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்களும் போகவில்லை.

வரும் ஆண்டு கஜகஸ்தானின் சமூக ஜனநாயகக் கட்சியைப் படிக்கிறோம், 2023-இல் 5.2 சதவீத வாக்குடன் 4 இடங்கள் பெற்ற கட்சி அது. ஹக்கீமோவ் வழக்குக் கோப்பை மூடவில்லை. ரஷ்ய மொழிச் செய்திகளைப் படித்துச் சொல்ல நம்மிடம் ஒருவரே இருக்கிறார். உதவக்கூடியவர்கள் இன்றே பெயர் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்