கடைக்குப் போய் வருவது பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கொரோனா பரவும் இந்த நேரத்தில் கடைக்குப் போகும்போது ஜாக்கிரதையாக இருக்கிறாயா என்று போனில் கேட்டீர்கள். இருக்கிறேன். மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

வாசலிலேயே கிருமிநாசினி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பணியாளர் நின்றால் எல்லாரும் கை நீட்டுகிறார்கள். அவர் நகர்ந்துவிட்டால் பலர் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போட்டுக்கொள்பவர்களும் உள்ளங்கையை இரண்டு தடவை உரசிவிட்டு, ஈரம் காய்வதற்குள் தள்ளுவண்டியைப் பிடித்துவிடுகிறார்கள். கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 20 முதல் 30 விநாடி. கை முழுக்கப் பட்டு, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். நீங்கள் வாங்கும் பாட்டிலில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

போன தடவை ஒரு பெண் கையுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு டப்பாவை எடுத்துப் படித்தார், திரும்ப வைத்தார், போனில் பட்டியலைத் தள்ளிப் பார்த்தார், பிறகு அதே விரலால் மாஸ்க்கைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டார். கிருமி தோலில் ஒட்டுவதுபோலக் கையுறையிலும் ஒட்டும். அதைப் போட்டதும் வரும் தைரியம்தான் ஆபத்து.

இந்த ஊர் மொழி எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினால் பாதி புரிவதில்லை. பாவம், எனக்குப் புரியட்டும் என்று சிலர் மாஸ்க்கை இறக்கிக்கொண்டு கிட்டே வந்து பேசுகிறார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் நான் ஓரடி பின்னால் நகர்ந்து, மாஸ்க்கைப் போட்டுக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டிவிடுகிறேன். கொரோனா டப்பாவைத் தொட்டு வருவதைவிட, பக்கத்தில் நின்று விடும் மூச்சில் வருவதுதான் அதிகம். பில் போடும் இடத்தில் தரையில் கோடு ஒட்டியிருந்தும் பின்னால் நிற்பவர் முதுகில் இடிக்கிறார். நாம் அரை மணியில் வெளியே வந்துவிடுவோம். அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் நாள் முழுக்க இத்தனை பேரின் மூச்சுக்கும் முகம் கொடுக்கிறார். அவரை நினைத்தாவது தள்ளி நிற்க வேண்டாமா?

வெளியே வரும்போதோ யாரும் கை துடைப்பதே இல்லை. வண்டி, பொருள், பணம் எல்லாம் தொட்ட பிறகுதானே அது அதிகம் தேவை! வீட்டுக்கு வந்ததும் நான் சோப்புப் போட்டு 20 விநாடியாவது கழுவுகிறேன். இந்த வைரஸைச் சுற்றியிருப்பது கொழுப்புப் படலம். சோப்பு அதை உடைத்துவிடும். சாதாரணச் சோப்பே போதும். காய்கறிக்கு மட்டும் சோப்பு வேண்டாம், ஓடும் தண்ணீரில் கழுவினால் சரி.

அப்புறம், அப்பா கடையில் நின்றுகொண்டே போன் பேசுவார். வீட்டுக்கு வந்ததும் கையோடு போனையும் துடைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்